மோட்டார்ஹோமின் சைலன்சரை மாற்றுவதற்கு முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கி உறங்கும் வீடாகவும் பயன்படும் வண்டிகளான டீசல் மோட்டார்ஹோம்களின் பராமரிப்பு குறித்துத் தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். டயர், பேட்டரி, கூரைக் கசிவு ஆகியவற்றைப் பற்றிக் கட்டுரையாளர் எழுதியிருப்பவை பயனுள்ளவை. அவற்றில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், வண்டி அதிகமாகச் சத்தம் போடத் தொடங்கினால் பழைய சைலன்சரைக் கழற்றிவிட்டு அதே அளவில் வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம், அதற்கு ஒரு ஜாக்கியும் இரண்டு ஸ்பானர்களும் போதும் என்ற பொருளில் அவர் எழுதியிருக்கும் பத்தியை அப்படியே விட்டுவிட முடியவில்லை. கனரக டீசல் வண்டிகளைப் பழுதுபார்ப்பதே என் தொழில். அந்தப் பத்தியை நம்பி ஒருவர் வண்டிக்கு அடியில் படுத்தால் அவருக்கும், பின்னர் அந்த வண்டியில் உறங்குபவர்களுக்கும் என்ன நேரலாம் என்பதை அறிந்தவன் என்ற முறையில் சில விளக்கங்களை எழுதுகிறேன்.

லாரியில் புகைக்குழாய், சேஸிஸ் எனப்படும் அடிச்சட்டத்துக்குக் கீழே காற்றோட்டமாகச் செல்கிறது. ஓட்டுநர் அதற்கு முன்னால் தனிக் கேபினில் அமர்ந்திருக்கிறார். மேலே இருப்பது சரக்கு. மோட்டார்ஹோமிலும் அதே வகை எஞ்சினும் அதே வகைக் குழாயும்தான் இருக்கின்றன. ஆனால் மேலே இருப்பவை படுக்கை, சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை. எஞ்சின் பின்புறம் பொருத்தப்பட்ட பெரிய வண்டிகளில் கட்டிலுக்கு ஏறத்தாழ நேர் கீழேயே எஞ்சினும் அதன் சைலன்சரும் இருக்கும். தண்ணீர்க் குழாய்க்காகவும் மின்கம்பிகளுக்காகவும் சமையல் எரிவாயுக் குழாய்க்காகவும் தரைப்பலகையில் துளைகள் போட்டிருப்பார்கள். தொழிற்சாலையில் அவற்றை ஒழுங்காக அடைத்தே அனுப்புகிறார்கள் என்றாலும், ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த அடைப்பு வறண்டு விரிசல் விடும். சைலன்சரில் விழும் சிறு ஓட்டை லாரியில் காதுக்குத் தொல்லை என்பதோடு முடிந்துபோகலாம். மோட்டார்ஹோமில் அது உறங்கும் அறைக்குள் புகை நுழையும் வழியாகிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்தால்தான் எதை வாங்குவது, எப்படிப் பொருத்துவது, குழாயை எங்கே கொண்டுபோய் முடிப்பது என்பவற்றில் சரியான முடிவுக்கு வர முடியும். கட்டுரை முழுவதும் சைலன்சரை ஒலி தொடர்பான உறுப்பாக மட்டுமே பார்க்கிறது. என் குறை அங்கேதான் தொடங்குகிறது.

டீசல் புகையில் பெட்ரோல் புகையைவிடக் கார்பன் மோனாக்சைடு குறைவு என்பது உண்மை. அதனால் டீசல் வண்டியில் அந்த அபாயம் இல்லை என்று பலர் நம்பிவிடுகிறார்கள். குறைவு என்பதற்கு இல்லை என்று பொருளல்ல. அந்த வாயுவுக்கு நிறமோ மணமோ கிடையாது. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினுடன் அது ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்கிறது. எனவே மூடிய அறையில் சிறிய அளவு தொடர்ந்து கசிந்தாலும் உடலில் அது சேர்ந்துகொண்டே போகும். தலைவலி, குமட்டல், சோர்வு என்று தொடங்கும் அதன் அறிகுறிகளை நீண்ட பயணத்தின் களைப்பு என்றே எவரும் எடுத்துக்கொள்வர். இதைத் தவிர நைட்ரஜன் ஆக்சைடுகளும் நுண்ணிய கரித்துகள்களும் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012ஆம் ஆண்டில் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. புகைக்குழாய் எந்த இடத்திலும் கசியக் கூடாது என்று எங்களைப் போன்றவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

சைலன்சர் ஏன் அழிகிறது என்பதைக் கட்டுரையாளர் 'நாள்பட்ட துரு' என்று ஒரு சொல்லில் கடந்துவிட்டார். ஆனால் மோட்டார்ஹோமின் சைலன்சர் துருப்பிடிப்பதற்கென்று தனிக் காரணம் உண்டு. டீசலில் உள்ள ஹைட்ரஜன் எரியும்போது நீராகிறது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் நீர் ஆவியாகப் புகையோடு வெளியேறுகிறது என்று கொள்ளலாம். குழாய் முழுவதும் நன்றாகச் சூடேறியிருந்தால் அந்த ஆவி வெளியே போய்விடும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது முதலில் சூடாவது முன்பகுதிக் குழாய்தான். எஞ்சினிலிருந்து தொலைவிலும் கனமான தகட்டிலும் அமைந்த சைலன்சர் மெதுவாகவே சூடாகும். அதற்குள் ஆவி அதன் உட்சுவரில் படிந்து நீராகத் தேங்குகிறது. எரிபொருளில் இருக்கும் கந்தகம் அந்த நீரோடு சேர்ந்தால் கந்தக அமிலம் உண்டாகும். பல நாடுகளில் இப்போது கிடைக்கும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 முதல் 15 பங்கு என்ற அளவுக்குக் குறைக்கப்பட்டிருப்பதால் அமிலத்தின் கொடுமை தணிந்திருக்கிறது. நீரின் அளவு மட்டும் குறையவில்லை.

தினமும் நெடுந்தொலைவு ஓடும் லாரிக்கு இது பெரிய தொல்லையல்ல. மாதக்கணக்கில் நிறுத்திவைக்கப்படும் மோட்டார்ஹோமுக்கோ இதுவே முதல் எதிரி. இதில் வருத்தம் தரும் செய்தி என்னவென்றால், அக்கறையுள்ள உரிமையாளர்கள்தாம் சைலன்சரை விரைவில் கெடுக்கிறார்கள். பேட்டரி இறங்கிவிடக் கூடாது, எண்ணெய் சுற்ற வேண்டும் என்று வாரம் ஒருமுறை எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு அணைப்பார்கள். சுமையில்லாமல் ஓடும் டீசல் எஞ்சினின் புகை அத்தனை சூடாக இருக்காது. அந்தப் பத்து நிமிடத்தில் சைலன்சருக்குள் நீர் சேருமே தவிர, அதை உலர்த்தும் அளவுக்குச் சூடு வராது. ஒவ்வொரு வாரமும் புதிதாக நனைந்து, மறுவாரம் வரை ஈரத்திலேயே ஊறும் தகடு உள்ளிருந்து அரிக்கப்படுகிறது. வெளியே பூச்சு பளபளப்பாகவே இருக்கும். அப்படிப்பட்ட ஒன்றை அறுத்துப் பார்த்தால், உள்ளே தடுப்புத் தகடுகள் இருந்த இடத்தில் பழுப்பு நிறப் பொருக்குகளும், கறுத்துக் கூழான கண்ணாடி இழைப் பஞ்சும், அடிப்பகுதியில் கைநிறைய அள்ளக்கூடிய துருத்தூளும்தான் கிடக்கும். நிறுத்திவைத்த வண்டியை ஓட்டுவதென்றால் குழாயின் கடைசி முனை வரை சூடேறும்படி சாலையில் நன்றாக ஓட்ட வேண்டும். இல்லையென்றால் தொடாமல் விட்டுவிட்டு, பேட்டரிக்கு மட்டும் சார்ஜர் போடுவது நல்லது. பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் நாடுகளிலும் கடற்கரையோரத்திலும் வெளிப்புறத் துருவும் சேர்ந்துகொள்ளும்.

பல சைலன்சர்களின் அடிப்பாகத்தில் சிறு வடிதுளை ஒன்று இருப்பதை இங்கே சொல்ல வேண்டும். அதிலிருந்து நீர் சொட்டுவதைப் பார்த்து ஓட்டை விழுந்துவிட்டதென்று எண்ணி வெல்டிங் வைத்து அடைத்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு. அடைத்தபின் நீர் முழுவதும் உள்ளேயே தேங்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தொழிற்சாலைத் துளை விளிம்பு சீராக, வட்டமாக, மிகத் தாழ்வான இடத்தில் இருக்கும். துருவால் விழுந்த ஓட்டையின் விளிம்பு சிதைந்து, சுற்றிலும் தகடு மெலிந்திருக்கும்.

மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டதா என்பதைக் காதை மட்டும் நம்பி முடிவு செய்ய முடியாது. சத்தம் கூடும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கையில் டிக் டிக் என்று கேட்டு, சூடானபின் மறைந்துபோகும் ஒலி, முன்பகுதி இணைப்பு ஒன்றில் கசிவு இருப்பதைக் காட்டும். உலோகம் விரிந்து இடைவெளியைத் தற்காலிகமாக மூடுவதால்தான் ஒலி மறைகிறது, பழுது மறைவதில்லை. குழாய்களின் விளிம்புத் தகடுகளைப் போல்ட்டால் பிணைக்கும் ஃபிளாஞ்ச் இணைப்புகளின் அருகே டார்ச் அடித்துப் பார்த்தால், கசியும் இடத்திலிருந்து கரி ஒரு பக்கமாக விசிறிபோல் படிந்திருப்பது தெரியும். ரப்பர் சுத்தியலால் சைலன்சரின் உடலை மெல்லத் தட்டினால் நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்த தகடு மந்தமாக ஒலிக்கும். உள்ளே தடுப்புகள் உடைந்திருந்தால் சலசலக்கும். உடைந்த தடுப்பு வெளிவாயை அடைத்துக்கொண்டால் சத்தம் குறைந்துவிடும், எஞ்சினின் இழுவையும் குறையும், புகை கறுக்கும். அந்த நிலையில், எஞ்சினுக்குள் காற்றை அழுத்திச் செலுத்தும் டர்போவைக் குறை சொல்லி அதைக் கழற்றத் தொடங்குபவர்கள் அதிகம்.

இனி, கட்டுரையின் ஜாக்கி பற்றிய வரிக்கு வருகிறேன். என்னை எழுதத் தூண்டியதே அந்த வரிதான். பெரிய மோட்டார்ஹோம்கள் 10 டன்னுக்கும் மேற்பட்ட எடை கொண்டவை. அவற்றில் பல, இரும்புப் பட்டை வில்களுக்குப் பதிலாகக் காற்றுப்பைகளின்மீது நிற்கின்றன. எஞ்சின் நின்றபின் அந்தக் காற்று மெதுவாகக் கசியும். உயரத்தைக் கட்டுப்படுத்தும் வால்வையோ அதன் இணைப்புக் கம்பியையோ கை பட்டு அசைத்தாலும், காற்றுக் குழாய் ஒன்று விட்டுப்போனாலும், பையிலிருந்து காற்று சட்டென்று வெளியேறி வண்டியின் முழு உடலும் தாழ்ந்துவிடும். தரைக்கும் சேஸிஸுக்கும் இடையே அப்போது எஞ்சும் இடைவெளியில் ஒரு மனிதனின் மார்புக்கு இடமிருக்காது. அதற்கென்று எச்சரிக்கை மணி எதுவும் அடிக்காது. வண்டியைச் சமநிலையில் நிறுத்துவதற்கென்று அதிலேயே பொருத்தப்பட்டுள்ள ஹைட்ராலிக் ஜாக்கிகளும் இதற்குத் துணையாகா. உள்ளே இருப்பவர்கள் சாயாமல் உறங்கவே அவை செய்யப்பட்டன, அடியில் வேலை செய்பவரைக் காப்பதற்காக அல்ல. ஒரு ரப்பர் வளையம் தேய்ந்து எண்ணெய் கசிந்தால் அவையும் இறங்கும்.

சரியான முறை சுருக்கமானது. கடினமான, சமமான தரை, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை, கை பிரேக், பிறகு, எடைக்கு ஏற்ற தரமுள்ள ஸ்டாண்டுகளைச் சேஸிஸ் தயாரிப்பாளர் காட்டியுள்ள இடங்களில் வைத்து, உடலின் எடை அவற்றின்மீது உட்கார்ந்ததா என்று பார்த்த பின்னரே அடியில் செல்ல வேண்டும். அச்சின்கீழ் மட்டும் ஸ்டாண்டு வைத்தால் போதாது என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். ஏனெனில் காற்றுப்பை இருப்பது அச்சுக்கும் சேஸிஸுக்கும் இடையில். அச்சு அசையாமல் நிற்கும்போதே மேலே உள்ள வீடு இறங்கிவரும். வசதியுள்ளவர்கள் பணிமனைக் குழியிலோ கனரக லிஃப்டிலோ ஏற்றுவதுதான் நல்லது. இந்த ஒரு வேலைக்காக மட்டுமேனும் வண்டியைப் பணிமனைக்குக் கொண்டுபோவதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை.

கழற்றும்போது வரும் தொல்லைகள் வேறு. ஆண்டுக்கணக்கில் சூட்டிலும் ஈரத்திலும் கிடந்த போல்ட்டுகள் ஸ்பானருக்கு மசியமாட்டா. முந்தைய நாளே துருநீக்கி எண்ணெய் விட்டு ஊறவைத்தால் சில அசையும். மற்றவற்றை அறுக்க வேண்டியிருக்கும். அறுப்பதற்குக் கிரைண்டரை எடுப்பதற்கு முன் சுற்றிலும் என்ன இருக்கிறது என்று பார்ப்பது மோட்டார்ஹோமில் இன்றியமையாதது. சேஸிஸையும் எஞ்சினையும் ஒரு நிறுவனம் செய்கிறது. அதன்மேல் வீட்டை இன்னொரு நிறுவனம் கட்டுகிறது. முதலாமவர் புகைக்குழாயின் பாதையை வகுத்தபோது அங்கே இல்லாத எரிவாயுக் குழாயும், பிளாஸ்டிக் கழிவுநீர்த் தொட்டியும், தரைக்கு அடியில் ஒட்டிய ஃபோம் தகடும் பின்னால் வந்து சேர்ந்தவை. கிரைண்டரின் தீப்பொறி ஃபோமில் பட்டால் முதலில் ஒன்றும் தெரியாது. உள்ளுக்குள் கனன்று, வேலை முடிந்து கருவிகளை எடுத்துவைத்த பிறகு புகையத் தொடங்கும். எரிவாயு உருளையை மூடிக் குழாயைக் காலி செய்துவிட்டு, பற்றக்கூடிய பகுதிகளை நனைத்த கனத்த துணியாலோ தீத்தடுப்புப் போர்வையாலோ மூடி, தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்வதே முறை. இயன்ற இடங்களில் கிரைண்டரைவிடச் சங்கிலிக் குழாய்வெட்டியே மேல். அதில் பொறி பறக்காது. வெல்டிங் தேவைப்பட்டால் பேட்டரி இணைப்புகளைக் கழற்றி, எஞ்சினின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் துண்டித்துவிட்டு, எர்த் கிளாம்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்கு மிக அருகில் மாட்ட வேண்டும். பழைய சைலன்சரின் பஞ்சும் கரியும் மூச்சில் போகாதபடி முகக்கவசம் அணிவதும், கண்ணுக்குக் கண்ணாடி போடுவதும் தனியே சொல்ல வேண்டியவையல்ல. மல்லாந்து படுத்திருப்பவரின் முகத்தில்தான் எல்லாம் கொட்டும்.

புதியதைத் தேர்ந்தெடுப்பதில் 'அதே அளவு' என்று கட்டுரையாளர் சொல்லும்போது எந்த அளவைக் குறிக்கிறார் என்பது தெளிவாக இல்லை. எஞ்சினின் மாடலைச் சொல்லிக் கடையில் வாங்கும் சைலன்சர் பல நேரங்களில் மோட்டார்ஹோமில் பொருந்தாது; ஏனெனில், வீட்டைக் கட்டியவர் இடம் போதாமல் சைலன்சரை நகர்த்தியிருப்பார், அல்லது வால் குழாயை வேறு பக்கம் வளைத்திருப்பார். உடல் பகுதியின் நீளமும் குறுக்களவும், இரு வாய்களின் விட்டமும், வாய் நடுவில் இருக்கிறதா ஓரத்தில் இருக்கிறதா என்பதும், தொங்கவிடும் கொக்கிகளின் இடைவெளியும் வண்டியிலேயே அளந்து எழுதப்பட வேண்டும். விட்டம் என்று எழுதினால் உள்விட்டமா வெளிவிட்டமா என்றும் எழுத வேண்டும். ஒன்று மற்றொன்றுக்குள் நுழைய வேண்டிய குழாய்கள் ஆதலால் ஒரு தகட்டின் தடிமன்கூட வேலையைக் கெடுத்துவிடும்.

வெளியளவைவிட முக்கியமானது புகை செல்லும் வழியின் தாராளம். சைலன்சர்களில் இரண்டு அடிப்படை வகைகள் உண்டு. ஒன்றில் புகை, தடுப்புகளும் துளைக்குழாய்களும் கொண்ட அறைகளின் வழியே திரும்பித் திரும்பிச் சென்று, ஒலி அலைகள் ஒன்றையொன்று எதிர்த்துத் தணிகின்றன. மற்றதில் துளையிட்ட நேர்க்குழாயைச் சுற்றி அடைத்திருக்கும் பஞ்சு ஒலியை உறிஞ்சிக்கொள்கிறது. முதல் வகை தாழ்ந்த அதிர்வெண் முழக்கத்தை நன்றாக அடக்கும். ஆனால் புகைக்கு எதிர் அழுத்தம் தரும். இரண்டாவது வகையில் எதிர் அழுத்தம் குறைவு. உயர்ந்த அதிர்வெண் இரைச்சல் அடங்கும், முழக்கம் மீந்துவிடும். டர்போ பொருத்திய டீசல் எஞ்சினுக்கு எதிர் அழுத்தம் கூடினால் புகையின் வெப்பம் ஏறும், டர்போ திணறும், எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். எவ்வளவு வரை தாங்கும் என்பதை எஞ்சின் கையேடு சொல்லும்; பழைய எஞ்சின்கள் பலவற்றில் இந்த எல்லை ஏறத்தாழ 10 கிலோபாஸ்கல்தான். 4 அங்குலக் குழாய்க்குப் பதிலாக மூன்றரை அங்குலத்தைச் செருகிச் சமாளிப்பவர்கள் அரை அங்குலம்தானே என்று எண்ணுகிறார்கள். குறுக்குப் பரப்பில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு போய்விடுகிறது. அந்த நீளத்தில் அதே அளவு புகைக்கு உண்டாகும் தடை ஒன்றரை மடங்கையும் தாண்டுகிறது.

எஞ்சின் சைலன்சருக்கான தொடக்ககாலக் காப்புரிமைகளில் ஒன்றை 1897ஆம் ஆண்டில் பெற்ற ரீவ்ஸ் சகோதரர்கள் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் கொலம்பஸ் என்னும் ஊரைச் சேர்ந்தவர்கள். மோட்டார்ஹோம்கள் பலவற்றை இழுக்கும் கம்மின்ஸ் டீசல் எஞ்சின் நிறுவனம் 1919இல் தொடங்கப்பட்டதும் அதே ஊரில்தான் என்பது தற்செயலாக இருந்தாலும் எங்கள் தொழிலில் உள்ளவர்களுக்குச் சுவையான செய்தி.

சத்தம் குறைவாக வேண்டும் என்று வாசகர்கள் விரும்புவதில் நியாயமுண்டு. டெசிபல் கணக்கு நேர்கோட்டில் ஏறுவதல்ல. மூன்று டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது, பத்து கூடினால் பத்து மடங்காகிறது. ஆனால் பெரிய தட்டையான சுவர்களும் கூரையும் கொண்ட மோட்டார்ஹோமில், குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் எஞ்சினின் முழக்கத்தோடு தரையும் சுவரும் சேர்ந்து அதிரும். காதைப் பொத்தினாலும் மார்பில் உணரக்கூடிய அந்த முழக்கத்துக்காக மேலும் மேலும் பெரிய சைலன்சரைத் தேடி அலைவதில் பயனில்லை. பெரும்பாலும் குழாய் சேஸிஸில் எங்கோ இறுக்கமாக இடித்துக்கொண்டிருக்கும், அல்லது குழாயைத் தாங்கும் ரப்பர் தொங்கிகளில் ஒன்று கல்லாகக் கெட்டித்துப் போயிருக்கும். அதை மாற்றினாலே அமைதி வரும்.

புதிய வண்டிகளின் உரிமையாளர்களுக்குக் கட்டுரையின் அறிவுரை அறவே பொருந்தாது. கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டியும், நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்க யூரியாக் கரைசல் தெளிக்கும் அமைப்பும் வந்தபின், சைலன்சர் என்று நாம் சுட்டிக்காட்டும் பெட்டிக்குள்ளேயே அவை பல நேரங்களில் அடங்கியிருக்கின்றன. அதில் வெப்ப உணரிகளும், அழுத்த வேறுபாட்டை அளக்கும் மெல்லிய குழாய்களும், நைட்ரஜன் ஆக்சைடு உணரிகளும் செருகப்பட்டிருக்கும். வடிகட்டியில் சேர்ந்த கரியை எரித்துத் தீர்க்கும் நேரத்தில் உள்வெப்பம் 600 டிகிரி செல்சியஸை எட்டும். இத்தகைய பெட்டியை எடுத்துவிட்டு வெற்றுக் குழாயைப் போட்டுத் தருவதாகச் சொல்பவர்களிடம் போகவே வேண்டாம். மாசுக் கட்டுப்பாட்டுச் சட்டம் உள்ள நாடுகளில் அது குற்றம் என்பது ஒருபுறம் இருக்க, வடிகட்டாத அந்தப் புகை போவதும் உங்கள் படுக்கைக்குக் கீழேதான். பழைய வண்டியில் சைலன்சர் வெறும் சைலன்சராக இருந்தால் மட்டுமே வீட்டிலேயே மாற்றுவதைப் பற்றிப் பேசலாம்.

எந்த உலோகம் என்ற கேள்விக்கு அதிக இடம் தேவையில்லை. அலுமினியப் பூச்சுள்ள எஃகு விலை குறைவு. வெட்டிய முனைகளிலும் வெல்டிங் கோட்டிலும் பூச்சுப் போய் அங்கிருந்து துரு தொடங்கும். 409 வகைத் துருவேறா எஃகில் குரோமியம் ஏறத்தாழ 11 விழுக்காடு. மேற்பரப்பில் பழுப்பேறினாலும் நீண்ட காலம் தாங்கும். 304 வகையில் குரோமியம் 18, நிக்கல் 8 விழுக்காடு. அரிப்பை மிக நன்றாக எதிர்க்கும், ஆனால் சூட்டில் கூடுதலாக விரியும். பெரும்பகுதி நாள் நிற்கும் வண்டிக்குத் துருவேறா எஃகே தகும் என்பது என் கருத்து.

விரிதல் என்பதைப் பொருத்துபவர்கள் மறந்துவிடுகிறார்கள். நான்கு மீட்டர் நீளமுள்ள சாதாரண எஃகுக் குழாய் 300 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 14 மில்லிமீட்டர் நீளும். எஞ்சின் தன் ரப்பர் தாங்கிகளின்மீது அசைந்துகொண்டும் இருக்கும். இந்த இரண்டுக்கும் இடம் தருவதற்காகத்தான் நெளிகுழாய் ஒன்றும் ரப்பர் தொங்கிகளும் வைக்கப்பட்டிருக்கின்றன. நெளிகுழாயை இழுத்தோ முறுக்கியோ நிலைப்படுத்தி மற்ற போல்ட்டுகளை இறுக்கினால் சில மாதங்களில் அது கிழியும்; கிழிவது சைலன்சருக்கு முன்னால், அழுத்தம் கூடுதலாக உள்ள இடத்தில். ஆகவே எல்லா இணைப்புகளையும் முதலில் தளர்வாகவே மாட்டி, குழாய் தன் இயல்பான நிலையில் தொங்குகிறதா, பிரேக் குழாய், மின்கம்பி, டீசல் தொட்டி, தரைப்பலகை ஆகியவற்றிலிருந்து போதிய இடைவெளி இருக்கிறதா என்று சுற்றிலும் கைவிட்டுப் பார்த்து, எஞ்சின் பக்கத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கி இறுக்கிக்கொண்டே வர வேண்டும். பழைய வெப்பத் தடுப்புத் தகடு துருப்பிடித்துக் கழன்றிருந்தால் அதைத் தூக்கி எறிந்துவிட்டு அப்படியே விடக்கூடாது. நீண்ட நாள் சூட்டில் வறண்டு கருகிய ப்ளைவுட் எளிதில் தீப்பற்றும். இணைப்புகளுக்கு இடையே வைக்கும் பழைய கேஸ்கெட் அடைப்பை மறுபடி பயன்படுத்துவது இந்த வண்டியில் கூடவே கூடாது. யு வடிவப் போல்ட் கிளாம்ப் குழாயை நசுக்கிப் பிடிப்பதால் ஒரு புறம் இடைவெளி விடும்; அகலப் பட்டைக் கிளாம்ப் சுற்றிலும் சமமாகப் பிடிக்கும், மறுமுறை கழற்றுவதும் எளிது.

வால் குழாய் முடியும் இடத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை. அது வண்டியின் வெளிவிளிம்பைத் தாண்டி முடிய வேண்டும். திறக்கும் சன்னலுக்கோ வாயிற்கதவுக்கோ கீழே, காற்றை உள்ளிழுக்கும் வழிகளுக்கு அருகே முடியக் கூடாது. ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைந்து சுழல் உண்டாகிறது. பின்புறம் வெளியேறிய புகையின் ஒரு பகுதி அந்தச் சுழலில் சிக்கி வண்டியோடு ஒட்டிக்கொண்டே வரும். அப்போது பின் சன்னலைத் திறந்துவைத்தால் புகை உள்ளே இழுக்கப்படும். புதிய சைலன்சர் பழையதைவிடச் சற்று நீளம் குறைவாக இருந்து, வால் குழாய் உள்ளுக்கு வந்துவிட்டால், மேலும் ஒரு துண்டு சேர்த்து நீட்டியே ஆக வேண்டும். பார்வைக்கு அழகாக இல்லை என்று அதை வெட்டிவிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது.

வேலை முடிந்தபின் திறந்த வெளியில் எஞ்சினை ஓடவிட்டு, குளிர்ந்த நிலையிலேயே ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புநீரைத் தெளித்துப் பார்த்தால் கசியும் இடத்தில் குமிழி எழும். முதல் நெடும்பயணம் முடிந்து முற்றிலும் ஆறியபிறகு எல்லாப் போல்ட்டுகளையும் மறுபடி இறுக்க வேண்டும். கேஸ்கெட் முதல் சூட்டில் படிந்து இறுக்கம் தளர்வது இயல்பு. மின்சாரத்துக்கான ஜெனரேட்டர் இருந்தால் அதற்கென்று தனிச் சைலன்சரும் தனிக் குழாயும் உண்டு. நிறுத்திய வண்டியில் ஆட்கள் உறங்கும்போது ஓடுவது அதுதான் என்பதால் அதையும் அதே நாளில் பார்த்துவிடுவது நல்லது. உறங்கும் இடத்தருகே கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாத வண்டிகளை இன்னும் காண்கிறேன். இருப்பவற்றிலும் பல, பொத்தானை அழுத்தினால் ஒலிக்கின்றன, ஆனால் ஆயுள் முடிந்தவை. பொத்தான் ஒலிப்பானையும் பேட்டரியையும்தான் சோதிக்கிறது. வாயுவை உணரும் பகுதி சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும். மாற்ற வேண்டிய ஆண்டு பெரும்பாலான அலாரங்களின் முதுகில் அச்சிடப்பட்டிருக்கும்; சுவரிலிருந்து கழற்றித் திருப்பிப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

இப்படிக்கு,
கனரக டீசல் வாகனப் பழுதுபார்ப்புத் தொழிலில் உள்ள வாசகர்